ஜப்பான் பிசினஸ் விசா: 50 லட்சம் யென் 3 கோடி ஆன பிறகு சம்பளக்காரர்கள் போட வேண்டிய கணக்கு



"ஜப்பான்ல ஒரு கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணுங்க, ஃபேமிலியோட போய் செட்டில் ஆகிடுங்க." இந்த மாதிரி விளம்பரம் உங்க ஃபீட்லயும் ஒரு தடவையாவது வந்திருக்கும். சில வருஷங்களுக்கு முன்னாடி இதுல ஓரளவு உண்மை இருந்துச்சு. 50 லட்சம் யென் மூலதனம், ஒரு ஆபீஸ், ஒரு பிசினஸ் பிளான். நம்ம ஊர் பணத்துல 30 லட்சத்துக்குள்ள முடிஞ்ச விஷயம். பத்து வருஷம் ஐடி-ல வேலை பார்த்த ஒருத்தர், பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்தையும் உடைச்சா எட்டிப் பிடிக்கிற தூரம்.

2025 அக்டோபர் 16-ல் இருந்து அந்தக் கணக்கு செல்லாது. ஆனா பழைய கணக்கை வெச்சே இன்னமும் பேக்கேஜ் விக்கிறவங்க இருக்காங்க. அதனால புது விதி என்ன, இந்தியாவிலிருந்து போற ஒரு சம்பளக்காரருக்கு அது ரூபாயில எவ்வளவு, எந்த இடத்துல சிக்கும், வேற வழி இருக்கா என்று வரிசையாகப் பார்க்கலாம்.

என்ன மாறியது?

ஜப்பானில் சொந்தமாகத் தொழில் நடத்த வெளிநாட்டவருக்குக் கொடுக்கப்படும் விசாவின் பெயர் "பிசினஸ் மேனேஜர்". பழைய விதிப்படி ஆபீஸ் இருக்க வேண்டும். அதோடு 50 லட்சம் யென் மூலதனம் அல்லது இரண்டு முழுநேர ஊழியர்கள், இதில் ஏதாவது ஒன்று போதும்.

பேருக்கு ஒரு கம்பெனியைத் தொடங்கி, தொழிலே நடத்தாமல் குடியிருப்பதற்கு மட்டும் இந்த விசாவைப் பயன்படுத்துகிறார்கள் என்ற புகார் ஜப்பானில் பெரிதாகக் கிளம்பியது. அதன் பிறகு வந்த புது விதி இது:

1. மூலதனம் குறைந்தது 3 கோடி யென். அதாவது 6 மடங்கு.
2. குறைந்தது ஒரு முழுநேர ஊழியர். அவர் ஜப்பானியராகவோ, நிரந்தரக் குடியுரிமை (பிஆர்) உள்ளவராகவோ, ஜப்பானியர் அல்லது பிஆர் உள்ளவரின் கணவன்/மனைவியாகவோ, நீண்டகாலக் குடியிருப்பாளர் என்ற தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும்.
3. விண்ணப்பிப்பவருக்கோ, முழுநேர ஊழியர் ஒருவருக்கோ நல்ல ஜப்பானிய மொழித் திறன் வேண்டும். ஜேஎல்பிடி தேர்வில் என்2 அளவு.
4. தொழிலை நடத்திய அல்லது நிர்வகித்த அனுபவம் 3 வருஷம். இல்லையென்றால் மேனேஜ்மென்ட்டிலோ, அந்தத் தொழிலுக்குத் தேவையான துறையிலோ முதுகலைப் பட்டம்.
5. பிசினஸ் பிளானை ஒரு சிஏ, வரிக் கணக்காளர் அல்லது சிறுதொழில் ஆலோசகர் சரிபார்த்திருக்க வேண்டும். மூவருமே ஜப்பானில் உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். நான் இந்திய சிஏ, என் கையெழுத்து அங்கே செல்லாது!

பழைய விதியில் "அல்லது" இருந்தது. புது விதியில் எல்லாமே "மற்றும்". இந்த ஒரு சொல்தான் பெரிய மாற்றம். பணம் இருந்தால் ஆள் வேண்டாம், ஆள் இருந்தால் பணம் வேண்டாம் என்ற காலம் போய்விட்டது.

3 கோடி யென் ரூபாயில் எவ்வளவு?

கணக்குக்காக ஒரு யென் = 58 காசு, ஒரு டாலர் = 150 யென் என்று வைத்துக்கொள்வோம். நீங்க போடும்போது அன்றைய ரேட்டைப் போட்டுக்கோங்க.

பழைய 50 லட்சம் யென் = 29 லட்சம் ரூபாய்.
புது 3 கோடி யென் = 1.74 கோடி ரூபாய், அதாவது சுமார் 2 லட்சம் டாலர்.

இங்கே ஒரு தவறான புரிதல் நிறைய பேருக்கு இருக்கு. "3 கோடி யென் பேங்க்ல காட்டணும், அவ்ளோதானே? காட்டிட்டு எடுத்துக்கலாம்." முடியாது. அது கம்பெனியின் மூலதனம், உங்க பணம் இல்லை. இப்படிக் காட்டிவிட்டு எடுக்கும் பணத்துக்கு ஜப்பானிய மொழியில் "மிசெகானே" என்று தனி வார்த்தையே இருக்கு. எங்கிருந்து வந்தது, எப்படிச் சேர்ந்தது என்று ஆதாரம் கேட்பார்கள். கடைசி மாசம் திடீரென்று அக்கவுன்ட்டுக்குள் வந்த பெரிய தொகைக்கு வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது. அது சேர்ந்த கதையே காகிதத்தில் இருக்க வேண்டும்.

அதே சமயம் இது பூட்டி வைக்கும் டெபாசிட்டும் இல்லை. கம்பெனியின் வாடகை, சம்பளம், சரக்கு எல்லாவற்றுக்கும் அந்தப் பணத்தைச் செலவு பண்ணலாம். அப்படியென்றால் அடுத்த கேள்வி, அந்தப் பணம் எத்தனை நாள் தாங்கும்?

வருமானமே வரலைன்னா எத்தனை நாள் தாங்கும்?

ஒரு சின்ன சாஃப்ட்வேர் சர்வீஸ் கம்பெனியை எடுத்துக்கலாம். கீழே உள்ள சம்பளமும் வாடகையும் நான் போட்டிருக்கும் உதாரணத் தொகைதான், ஊரைப் பொறுத்து மாறும்.

ஊழியர் சம்பளம் மாதம் 2.5 லட்சம் யென்: வருஷத்துக்கு 30 லட்சம்
அவருக்கு கம்பெனி கட்டும் சமூகக் காப்பீடு, சுமார் 15%: 4.5 லட்சம்
உங்களுக்கும் அதே சம்பளம், அதே காப்பீடு: 34.5 லட்சம்
ஆபீஸ் வாடகை மாதம் 1.5 லட்சம்: 18 லட்சம்
கணக்காளர் கட்டணம், இதர செலவு: 5 லட்சம்
லாபம் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய உள்ளூர் வரி: 1.8 லட்சம்
கம்பெனி பதிவு வரி, முதல் வருஷம் மட்டும்: 2.1 லட்சம்

மொத்தம் 95.9 லட்சம் யென். நம்ம பணத்துல சுமார் 55.6 லட்சம் ரூபாய்.

ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டால் மூன்று வருஷத்தில் 3 கோடி யென் காலி. வீட்டை விட்டுட்டு, வேலையை விட்டுட்டு போறவங்க மனசுல வெச்சுக்க வேண்டிய எண் இதுதான்.

இதில் கடைசி இரண்டு வரிகளைக் கவனிங்க. மூலதனம் கூடினால் வரியும் கூடும். பதிவு வரி மூலதனத்தில் 0.7%. முன்பு 50 லட்சத்துக்குக் குறைந்தபட்சத் தொகையான 1.5 லட்சம் யென் கட்டினால் போதும், இப்போது 2.1 லட்சம். மூலதனம் 1 கோடி யென் வரை இருந்தால் சிறு கம்பெனிக்கு உள்ளூர் வரியின் நிலையான பகுதி வருஷத்துக்கு 70,000 யென், அதைத் தாண்டினால் 1.8 லட்சம். இன்னொன்று, 1 கோடி யென்னுக்குக் குறைவான மூலதனத்தோடு தொடங்கும் புதுக் கம்பெனிக்கு நுகர்வு வரியில் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி) பொதுவாக ஆரம்பத்தில் ஒரு விலக்கு உண்டு. 1 கோடியோ அதற்கு மேலோ என்றால் அந்த விலக்கு கிடையாது, முதல் நாளிலிருந்தே வரி. பழைய பிளானில் ஆறால் பெருக்கினால் புதுப் பிளான் வராது என்பதற்கு இதுதான் காரணம்.

இந்தியாவிலிருந்து பணம் எப்படிப் போகும்?

இந்தப் பக்கத்தில் நிறைய பேர் கோட்டை விடுவார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*எல்ஆர்எஸ் வரம்பு.* இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 3 கோடி யென் என்பது சுமார் 2 லட்சம் டாலர். வரம்புக்குள் வருகிறது. ஆனால் மிச்சம் இருப்பது 50,000 டாலர்தான். அதே வருஷம் வேறு ஏதாவது வெளிநாட்டு முதலீடு, டூர் செலவு செய்திருந்தால் அதையும் கழிச்சுக்கோங்க.

*டிசிஎஸ்.* நம்ம ஐடி கம்பெனி இல்லை, பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் வரி. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், மேற்கொண்ட தொகைக்கு 20%. கணக்கு: 1.74 கோடியில் 10 லட்சம் போக 1.64 கோடி. அதில் 20% என்றால் 32.8 லட்சம் ரூபாய்.

அதாவது பணம் அனுப்பும் அன்று உங்க கையில் இருக்க வேண்டியது 1.74 கோடி இல்லை, 2.07 கோடி.

இது செலவு இல்லை. ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது உங்க வரியில் கழித்துக்கொண்டு மீதியைத் திரும்ப வாங்கலாம். பிரச்சினை எப்போது வாங்குவீர்கள் என்பதுதான். ஏப்ரலில் அனுப்பினால் அந்த நிதியாண்டு முடிந்து, ரிட்டர்ன் போட்டு, ரீஃபண்ட் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதே தொகையை பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பினால் சில மாசங்களில் ரிட்டர்ன் போடலாம். தேதியை மாற்றுவதால் மட்டும் 32.8 லட்சம் முடங்கும் காலம் பாதிக்கு மேல் குறைகிறது. வேலையில் இருக்கும்போதே அனுப்பினால், பிடித்த டிசிஎஸ் விவரத்தைக் கம்பெனிக்குக் கொடுத்து சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்-ஐக் குறைக்கச் சொல்லலாம். 2024 அக்டோபரிலிருந்து இந்த வசதி இருக்கு.

*கடன் வாங்கி அனுப்ப முடியுமா?* இந்த மாதிரி மூலதன முதலீட்டை எல்ஆர்எஸ்-ல் அனுப்ப வங்கிகள் கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. "வேற காரணம் சொல்லி பர்சனல் லோன் எடுங்க" என்று யாராவது ஐடியா கொடுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துடுங்க.

*அப்பா, அம்மா பணம் கொடுத்தால்?* அவங்க நேரடியாக அவங்க வரம்பில் கம்பெனிக்கு அனுப்பினால் அவங்களும் அந்தக் கம்பெனியில் பங்குதாரராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியாவிலேயே ரூபாயில் உங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, நீங்க அனுப்பலாம். பெற்றோர் கொடுக்கும் அன்பளிப்புக்கு உங்களுக்கு வரி இல்லை. ஆனால் கிஃப்ட் டீட் ஒன்று எழுதி வைங்க. ஜப்பானில் பணத்தின் மூலம் கேட்கும்போது அதுதான் உங்க ஆதாரம்.

*ஃபெமா.* உங்க சொந்த ஜப்பான் கம்பெனியில் பங்கு வாங்குவது இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நேரடி முதலீடு, சுருக்கமாக ஓடிஐ. வங்கி மூலமாக எஃப்சி படிவம் கொடுத்து, அடையாள எண் வாங்கித்தான் பணம் அனுப்ப வேண்டும். ஆறு மாசத்துக்குள் பங்கு வாங்கியதற்கான ஆதாரம் கொடுக்கணும். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31-க்குள் ஆண்டு அறிக்கை. நிதிச் சேவை, நிலம்/வீடு வாங்கி விற்கும் தொழில் போன்றவற்றில் தனிநபர் இப்படி முதலீடு செய்ய முடியாது. "டோக்கியோவில் வீடு வாங்கி விக்கிற கம்பெனி" என்று பிளான் வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே நின்னுடணும்.

*யாருடைய அக்கவுன்ட்டுக்கு?* ஜப்பானில் வசிக்காத வெளிநாட்டவருக்கு அங்கே வங்கிக் கணக்கு எளிதில் கிடைக்காது. அதனால் ஏஜென்ட், "என் அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்க, நான் மூலதனமா போட்டுடறேன்" என்பார். 1.74 கோடி ரூபாய் ஒரு அந்நியர் கணக்கில்! அந்தப் பணம் எந்தச் சட்ட ஏற்பாட்டின் கீழ் அவர் கணக்குக்குப் போகிறது, உங்க இந்திய வங்கி அதை ஓடிஐ-யாக ஏற்குமா என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க.

பணம் இருந்தும் சிக்கும் இடங்கள்

2 கோடி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் நாலு இடம் இருக்கு.

முதலில் அனுபவம். எட்டு வருஷம் கோடிங் செய்த பி.இ. பட்டதாரிக்கு "தொழிலை நடத்திய அல்லது நிர்வகித்த அனுபவம்" இருக்கிறதா? டீம் லீட் என்ற பதவிப் பெயரை நம்பி இறங்காதீங்க. பட்ஜெட், ஆள் சேர்ப்பு, முடிவெடுக்கும் அதிகாரம் உங்க கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். எம்பிஏ அல்லது தொழிலுக்குப் பொருத்தமான எம்.டெக் இருப்பவருக்கு இந்தக் கதவு சுலபம்.

இரண்டாவது, ஊழியர். "என் மனைவியையே ஊழியரா காட்டிடறேன்" என்ற ஐடியா நடக்காது. டிபென்டென்ட் விசாவில் வருபவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு ஜப்பானியரை வேலைக்கு வைத்தால் ஊழியர் விதி, மொழி விதி இரண்டுமே நிறைவேறும். கேட்க நல்லா இருக்கு. ஆனால் அவர் வேலையை விட்டால் இரண்டு தகுதியும் ஒரே நாளில் போகும். உங்க விசா ஒரு ஊழியரின் ராஜினாமா கடிதத்தில் தொங்கக் கூடாது என்றால், நீங்களே என்2 படிப்பதுதான் பாதுகாப்பு. ஜேஎல்பிடி தேர்வு சென்னையிலேயே நடக்கிறது.

மூன்றாவது, ஆபீஸ். வீட்டையே ஆபீஸாகக் காட்டுவது பொதுவாக ஏற்கப்படாது.

நான்காவது, நீங்க அங்கே இருக்கணும். தொழில் வேலைகளை எல்லாம் வெளியாட்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பெயருக்கு டைரக்டர் என்றால் அது தொழில் நடத்துவதாகக் கருதப்படாது. தகுந்த காரணம் இல்லாமல் நீண்ட காலம் ஜப்பானுக்கு வெளியே இருந்தால் புதுப்பிப்பு கிடைக்காது. சென்னை வேலையையும் வைத்துக்கொண்டு ஜப்பான் விசாவையும் வைத்துக்கொள்ளலாம் என்ற கனவு இங்கே முடிகிறது. புதுப்பிக்கும்போது வரி, சமூகக் காப்பீடு, தொழிலாளர் காப்பீடு எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களா என்றும் பார்ப்பார்கள்.

வேற வழி இருக்கா?

இருக்கு. இரண்டு.

ஒன்று, ஸ்டார்ட்அப் விசா. ஃபுகுவோகா, டோக்கியோ, கோபே போன்ற இடங்களின் உள்ளாட்சி அமைப்புகள் உங்க பிளானை ஏற்றுக்கொண்டால், அதிகபட்சம் 2 வருஷம் அங்கேயே தங்கித் தொழிலைத் தயார் செய்யலாம். ஆரம்பத்திலேயே 3 கோடி யென் வேண்டாம். அந்தத் தயாரிப்புக் காலம் 3 வருஷ அனுபவக் கணக்கிலும் சேரும். ஆனால் முடிவில் பிசினஸ் மேனேஜருக்கு மாறும்போது புது விதிகள் அப்படியே பொருந்தும். முதலீட்டாளரைத் தேட 2 வருஷ அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழிதான் சம்பளக்காரர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது: வரிசையை மாற்றுங்க. முதலில் வேலை, பிறகு பிஆர், அதன் பிறகு பிசினஸ்.

ஜப்பானில் இன்ஜினியர் விசாவில் வேலைக்குப் போக மூலதனம் எதுவும் வேண்டாம், ஒரு ஆஃபர் லெட்டர் வேண்டும். வழக்கமாக பிஆர்-க்கு 10 வருஷம் அங்கே வசித்திருக்க வேண்டும். ஆனால் உயர்திறன் பணியாளருக்கான மதிப்பெண் முறையில் 70 மதிப்பெண் இருந்தால் 3 வருஷத்திலும், 80 இருந்தால் 1 வருஷத்திலும் விண்ணப்பிக்கலாம். வயசு, பட்டம், சம்பளம், அனுபவம், ஜப்பானிய மொழி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. இளம் வயசு, முதுகலைப் பட்டம், என்2 மூன்றுமே கணக்கை ஏற்றும்.

பிஆர் கிடைத்தவருக்கு என்ன தொழில் செய்யலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. 3 கோடி யென் விதியும் அவருக்கு இல்லை. ஜப்பான் கம்பெனிச் சட்டப்படி 1 யென் மூலதனத்தில் கூடக் கம்பெனி தொடங்கலாம். 1.74 கோடி ரூபாய் இந்தியாவில் உங்க பெயரிலேயே இருக்கும், அந்த வருஷங்களில் யென்னில் சம்பளமும் வரும், மொழியும் சந்தையும் பழகும். ஒன்று மட்டும் கவனம்: வேலை விசாவில் இருக்கும்போது சொந்தக் கம்பெனியை நடத்தக் கூடாது. வரி, சமூகக் காப்பீட்டில் ஒரு மாசம் கூடத் தாமதம் வேண்டாம். வேண்டுமென்றே கட்டாதவர்களின் பிஆர்-ஐ ரத்து செய்ய 2024-ல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது.

ஏற்கெனவே அங்கே தொழில் நடத்துபவர்கள்

நிஷி-கசாய் பக்கம் நம்ம ஆட்கள் நிறைய. உங்க நண்பரோ உறவினரோ பழைய 50 லட்சம் யென் விதியில் கடை, உணவகம் நடத்தினால் இதைச் சொல்லுங்க. 2028 அக்டோபர் 16 வரை செய்யும் புதுப்பிப்பில், புது விதி நிறைவேறவில்லை என்பதற்காக மட்டும் உடனே மறுக்க மாட்டார்கள். தொழில் எப்படிப் போகிறது, புது விதியை எட்டும் வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் லாபத்தை எல்லாம் எடுக்காமல் கம்பெனியிலேயே விட்டு மூலதனமாக மாற்றுவது, முழுநேர ஊழியர் ஒருவரைச் சேர்ப்பது என்று வருஷத்துக்கு ஒரு படி ஏறுவது நல்லது. உள்ளூர் வரிக் கணக்காளரிடம் இப்பவே உட்காருங்க, 2028-ல் இல்லை.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. நீங்க சொல்ற விதி 2025 அக்டோபர் 16-க்கு முன்னாடியதா, பின்னாடியதா?
2. மூலதனம் யார் அக்கவுன்ட்டுக்குப் போகும்? என் இந்திய வங்கிக்குக் கொடுக்க எழுத்தில் தருவீங்களா?
3. ஊழியர் யார்? அவருக்கு உண்மையிலேயே சம்பளம், காப்பீடு போகுமா?
4. என் பிளானைச் சரிபார்க்கும் ஜப்பானிய நிபுணர் யார்? நான் நேரடியாக அவரிடம் பேசலாமா?
5. முதல் புதுப்பிப்பு நிராகரிக்கப்பட்டால் கம்பெனியை மூடவும் மிச்சப் பணத்தைத் திரும்பக் கொண்டுவரவும் என்ன செலவு?

ஐந்தாவது கேள்விக்கு "அதெல்லாம் வராது சார்" என்று பதில் வந்தால், உங்களுக்கு விடை கிடைச்சாச்சு.

உங்க பிசினஸுக்கு ஜப்பானில் வாடிக்கையாளர் இருக்கிறார், அதற்காக விசா வேண்டும் என்றால் புது விதி கஷ்டம்தான், ஆனால் தாண்டக்கூடியது. விசா வேண்டும், அதற்காக ஒரு பிசினஸ் வேண்டும் என்றால் இந்த விதியே உங்களைத் தடுக்கத்தான் வந்திருக்கு. 2 கோடியைப் பணயம் வைப்பதற்கு முன் ஜப்பானிய மொழி வகுப்பில் சேருங்க, வேலைக்கு அப்ளை பண்ணுங்க. அதில் போகும் பணம் வீணாகாது.

மேலே உள்ள செலவுக் கணக்கை உங்க சம்பளம், சேமிப்பு, அன்றைய யென் ரேட் வைத்து ஒரு தாளில் போட்டுப் பாருங்க. அனுபவம், ஊழியர், மொழி மூன்றில் எது உங்களுக்கு இடிக்குது என்று அதன் பக்கத்தில் எழுதுங்க. டிசிஎஸ் ரீஃபண்ட், அதை 26ஏஎஸ்-ல் சரிபார்ப்பது பற்றித் தனியாக ஒரு வீடியோவில் படிப்படியாகப் பேசலாம்.